நேரில் போய்க் கேட்பவர்

எங்கள் கல்லூரியில் அவரை எல்லாரும் ஆபரேட்டர் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அலுவலக அறையின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரும், காகிதத்தைக் கறகறவென்று கடித்துத் துப்பும் ஒரு பிரிண்டரும் இருந்தன. காலை ஒன்பதரைக்கு அவற்றின் முன்னால் உட்கார்ந்தால் மாலை ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். சேர்க்கை, வருகைப் பதிவு, மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அவர் விரல் பட்டுத்தான் வெளியே போகும்.

நகரியில் பவர்லூம் ஓட்டும் குடும்பம் அவருடையது. தினமும் நகரியிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் வந்து போவார். நான் சித்தூர்க்காரன், கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் தற்காலிக விரிவுரையாளன். தெலுங்கு மட்டுமே ஒலிக்கும் அந்த அலுவலகத்தில் நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொள்வோம். பிறர் எதிரில் மேடம், தனியாக இருந்தால் அக்கா. என்னைவிட எட்டு வயது பெரியவர் என்றாலும் என்னை சார் என்றும் நீங்கள் என்றும்தான் சொல்வார்.

கோபம் வந்தால் அவர் குரல் இறங்கிவிடும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வார். யார்மீது கோபமோ அவர் இருக்கும் இடத்துக்கே போய், முன்னால் நின்று கேட்பார். முதுகுக்குப் பின்னால் அவர் ஒருவரைத் திட்டி நான் கேட்டதில்லை.

அவர் கணவர் குவைத்தில் டிரைவர். வீட்டில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அழைப்பு வரும். இவர் போய்ப் பேசிவிட்டு வருவார். ஒருமுறை கணவர் இரண்டு வருடம் கழித்துத்தான் ஊருக்கு வர முடியும் என்று சொல்ல, இவர் கொஞ்சம் அழுதிருக்கிறார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண், "உங்க வீட்டுக்காரரு வரவே மாட்டாராமே" என்று கேட்டாளாம். பூத்துக்காரர் வேலை.

"நேரா பூத்துக்குப் போனேன் சார்" என்று என்னிடம் சொன்னார். "ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. நான் பேசனத இன்னான்னு யார் யாருகிட்ட சொன்ன, பேரச் சொல்லுன்னேன். மூணு வீட்டச் சொன்னான். அந்த மூணு வீட்டுக்கும் போயி, நான் ஒட்டுக் கேட்டேன், கேட்டதையும் தப்பா சொன்னேன்னு சொல்லிட்டு வா, அது வரைக்கும் இங்கியே நிக்கறேன்னேன்."

"போனாரா?"

"நிக்கறேன்னு சொன்னா நிப்பேன்னு அவனுக்குத் தெரியும். போனான்."

இன்னொரு நாள் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வாசலில் எங்கள் மாணவி ஒருத்தியின் முகம் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்தார். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்காகப் போனவள் அவள். இவர் கடைக்குள் போனார், அரை மணி நேரத்தில் படம் இறங்கியது. ஸ்டுடியோக்காரர் தெலுங்கில், "நன்றாகத்தானே இருக்கிறது, பெருமைதானே" என்றாராம். "நன்றாக இருந்தால் உன் பெண்டாட்டி படத்தை மாட்டு" என்று இவரும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அது ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். சுவர் விளம்பரமெல்லாம் பெங்களூர், ஹைதராபாத், அமெரிக்கா. எங்கள் கல்லூரிச் செயலாளர் முன்பு கிரானைட் வியாபாரம் செய்தவர். மாணவர்களைப் பற்றிய எல்லா விவரத்தையும் ஒரே இடத்தில் வைக்கும் ஒரு மென்பொருளை ஹைதராபாத்தில் எழுதி வாங்கிவந்தார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி அதைத் தொடங்கிவைத்தார்கள். ஒவ்வொரு மாணவர் பெயரின் கீழும் கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆசிரியர்களுக்கும் தனியாக அப்படி ஒரு கட்டம், அதைச் செயலாளரே நிரப்புவார்.

வார்டன், முதல்வர், செயலாளர் மூவரும் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவதை மாணவர் கட்டத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியபின் செயலாளர் ஒருவர்தான் அழிக்கச் சொல்ல முடியும். ஆபரேட்டர் மேடத்துக்கு முதல் நாளிலிருந்தே அது பிடிக்கவில்லை.

"பசங்களப் பத்தி வாத்தியாருங்க ஆயிரம் பேசுவாங்க. பேசிட்டு மறந்துடுவாங்க. இது மறக்காது சார்" என்றார். "ரெண்டாவது, எழுதினவன் பேரு இதுல இல்ல. யாருதுன்னு போய்க் கேக்கறது?"

அதனால் தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஒரு சீட்டு வந்தால், அந்த மாணவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார். "இப்டி எழுதி அனுப்பிக்கிறாங்க. நிஜமா?" நிஜம் என்றால் ஏற்றுவார். இல்லை என்றால் சீட்டோடு எழுந்து எழுதியவரிடம் போவார். பாதிச் சீட்டுகள் அப்படியே கிழிந்து குப்பைக்குப் போயின. எத்தனை கிழிந்தன என்று செயலாளருக்குத் தெரியாது.

ஒருநாள் மதியம் நான் அவரிடம், நிரந்தர வேலைக்கு என்னோடு போட்டியில் இருந்த இன்னொரு விரிவுரையாளரின் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுத கேளுங்க, காட்டறேன். அடுத்தவங்களுத இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

வெட்கமாகிவிட்டது. சரி, என்னுடையதைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். ஆங்கிலத்தில் ஒரே வரி. வகுப்பில் பாடத்துக்கு வெளியே பேசுகிறார், நிரந்தரம் செய்யும்போது கவனிக்கவும் என்று இருந்தது. படித்து முடித்தவுடன் எல்லாருக்கும் வேலை என்று கல்லூரி விளம்பரம் செய்துகொண்டிருந்தது. போன வருடம் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள் என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். அதுதான் பாடத்துக்கு வெளியே பேசியது.

அதற்குப் பிறகு நான் பாடத்துக்கு வெளியே பேசவில்லை. புத்தகத்தைத் திறந்தேன், நடத்தினேன், மூடினேன். ஒரு மாதம் கழித்து அவர் கேட்டார். "இன்னா சார், பசங்க சொல்றாங்க, நீங்க இப்ப எதுவும் பேசறது இல்லியாமே. அந்த ஒரு வரியப் படிச்சதுக்கே வாய மூடிக்கினீங்களா?"

"வேலை வேணுமேக்கா" என்றேன்.

"எழுதினவரு மாடியிலதான் உக்காந்துகினு இருக்காரு. போய்க் கேக்கலாம் இல்ல" என்றார். நான் போகவில்லை.

இப்போது சொல்லப்போகும் மாணவியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை அச்சில் போட்டவர்கள் போட்டது போதும். குப்பத்துக்குப் பக்கம் சாந்திபுரம் மண்டலத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். அவள் தாத்தா காலத்தில் காணி நிலம் கிடையாது. அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தார். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். மூன்றாம் ஆண்டு. விடுதியில் தங்கியிருந்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது எழுந்து நிற்பாள், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவள் அப்பா பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். அவளைக் கூட்டிப்போகத் தாய்மாமன் வந்தார். வார்டன் இல்லை. அவள் ஒரு கடிதம் எழுதி வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வாட்ச்மேன் அதைச் சட்டைப் பையில் வைத்து மறந்துவிட்டார். திங்கட்கிழமை வார்டனுக்கு யாரோ, அவளை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆளோடு பார்த்ததாகச் சொன்னார்கள்.

வார்டன் சீட்டு எழுதிக்கொண்டு ஆபரேட்டர் மேடத்திடம் வந்தார். இவர் வாங்கிப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு வரட்டும், கேட்டுட்டு ஏத்தறேன்" என்றார். வார்டனுக்குக் கோபம். சீட்டைப் பிடுங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் லேபுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, என்னிடம் நீட்டினார். "சார், மீரு செய்யண்டி, நீங்களே ஏற்றுங்கள். அந்த அம்மாவுக்குத் திமிர்" என்றார்.

லேபிலிருந்தும் அந்த மென்பொருளைத் திறக்கலாம். நான் திறந்தேன். இரண்டு இரவு விடுதியில் இல்லை, பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆணுடன் காணப்பட்டார் என்று ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வார்டன் செயலாளரின் உறவினர் என்பது என் மனதில் இருந்தது. அந்தப் பெண் எழுந்து நின்று பதில் சொல்லும் முகம் என் மனதில் இல்லை.

மறுநாள் காலை ஆபரேட்டர் மேடம் லேபுக்கு வந்தார். தோளில் பை இருந்தது. எந்தக் கணக்கிலிருந்து வரி ஏறியது என்று கம்ப்யூட்டர் காட்டிவிடும்.

"நீங்கதான் அடிச்சீங்களா?"

"வார்டன் சொன்னாங்கக்கா."

"நான் கேக்கறது அது இல்ல. நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆமா."

"அந்தப் பொண்ணக் கேட்டீங்களா?"

"அவ ஊர்ல இல்லியே."

"வந்தா போய்ச் சொல்லுங்க. உன்னப் பத்தி இப்டி அடிச்சிட்டேன், உன்னக் கேக்காம அடிச்சிட்டேன்னு" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து நேரே விடுதிக்குப் போய் வாட்ச்மேனைப் பிடித்தார். கசங்கிய கடிதம் அந்த ஆளின் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனார். அழிக்க வேண்டும் என்றார். செயலாளர் கடிதத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. "ஒன்றை அழித்தால் எல்லாரும் வந்து நிற்பார்கள். இருக்கட்டும், யார் பார்க்கப்போகிறார்கள்" என்றார்.

அடுத்த வாரம் செயலாளரே ஒரு தெலுங்குப் பத்திரிகையின் நிருபரைக் கூட்டிவந்து காபி கொடுத்து மென்பொருளைக் காட்டினார். எங்கள் கண்ணிலிருந்து எந்த மாணவியும் தப்ப முடியாது என்று பெருமையாகச் சொல்லி, தன் கையாலேயே ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். எது சுவையாக இருக்கும் என்று தேடி எடுத்த பக்கம் அது. ஆபரேட்டர் மேடம் அன்று பல்கலைக்கழகத்துக்குத் தேர்வுப் படிவங்களோடு போயிருந்தார்.

மாவட்ட இணைப்பில் அரைப் பக்கச் செய்தி வந்தது. கம்ப்யூட்டர் படிக்க வந்தவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று தலைப்பு. பெயர் போடவில்லை, பொறுப்பான பத்திரிகை அல்லவா. சாந்திபுரம் மண்டலத்தைச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் என்று போட்டிருந்தார்கள். எங்கள் கல்லூரியில் சாந்திபுரம் மண்டலத்திலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். செயலாளர் அந்தப் பக்கத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். கல்லூரி பெயர் பெரிய எழுத்தில் வந்திருந்ததே அவருக்குப் பெருமை.

ஆபரேட்டர் மேடம் பலகையிலிருந்து அதைக் கிழித்து எடுத்தார். அதைப் பையில் வைத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். "வாங்க" என்றார், அவ்வளவுதான்.

திருப்பதியில் அந்தப் பத்திரிகையின் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. பொறுப்பாசிரியர் நல்லவிதமாகவே பேசினார். உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை. வாட்ச்மேனிடமிருந்து வாங்கிய கடிதத்தை மேசைமேல் வைத்து, தெலுங்கில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கூட வந்தவர் தாய்மாமன். அப்பாவுக்குக் கால் முறிவு. இதுதான் அவள் எழுதிய கடிதம்.

"எங்களிடம் ஆதாரம் இருந்ததம்மா. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த காகிதம். நாங்களாக எழுதவில்லை" என்றார் அவர்.

"கம்ப்யூட்டர் எப்படி பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தது?" என்று இவர் கேட்டார். "யாரோ அடித்தால்தானே அது காட்டும். அடித்தவரைக் கேட்டீர்களா? அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா?"

அடித்தவன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது.

"சரி, திருத்தம் போடுகிறோம்" என்றார் பொறுப்பாசிரியர்.

"எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ அந்தப் பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். அதைப் படித்தவர் எல்லாரும் இதையும் படிக்க வேண்டும்."

அவர் சிரித்தார். "பத்திரிகை அப்படி நடக்காதம்மா" என்றார்.

மூன்றாம் நாள் திருத்தம் வந்தது. கடைசிப் பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்குக் கீழே நான்கு வரி. இந்த முறை பெயர் போட்டிருந்தார்கள். அவள் பெயர், அப்பா பெயர், ஊர் பெயர். தன்னோடு பஸ் ஸ்டாண்டில் இருந்தவர் தன் தாய்மாமன்தான் என்று அந்த மாணவி தெரிவித்திருக்கிறார் என்று முடிந்தது. அவள் யாரிடமும் எதுவும் தெரிவிக்கவில்லை. அவளை இன்றுவரை அந்தப் பத்திரிகையில் ஒருவரும் பார்த்ததில்லை. முதல் செய்தியில் யாரோ ஒருத்தியாக இருந்தவளைத் திருத்தம் போட்டு அடையாளம் காட்டிக் கொடுத்தார்கள். அந்த நான்கு வரியை எழுதியவர் அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

ஆபரேட்டர் மேடம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "சாந்திபுரம் போவணும். வர்றீங்களா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் வழியாகப் பலமனேர் போய், அங்கிருந்து குப்பம் பஸ் பிடித்துப் போனோம். அவள் அப்பா காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழ முயன்றார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க தெருவுல பேப்பர் வாங்கறவன் கெடையாது மேடம்" என்றார். "மொதல்ல வந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டாவது வந்ததத்தான் டீக்கடையில ஒருத்தன் படிச்சி, எம் பேரு கீதுன்னு வந்து சொன்னான். எம் பேரு பேப்பர்ல வந்தது இதான் மொத தபா."

அந்தப் பெண் கதவோரம் நின்றாள். படிப்பு போதும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஆபரேட்டர் மேடம் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சீட்டு, கட்டம், செயலாளர், நிருபர், திருத்தம். தான் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனதால்தான் பெயர் வந்தது என்பதையும் சொன்னார். "அது என் தப்பு. உன்னக் கேக்காம உனக்காகப் போய்ட்டேன். உன்னக் கேட்டிருக்கணும்" என்றார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "கம்ப்யூட்டர்ல அத யாருக்கா அடிச்சது?"

அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வாயிலிருந்து அது வரக்கூடாது, அது என்னுடையது. நான் வாயைத் திறந்தேன். "எல்லாம் சரியாயிடும்மா, பயப்படாதே" என்றேன்.

திரும்பி வரும் வழியில் பலமனேரில் டீ வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதல்வர் அறைக்குப் போனார். "சார், இன்னும் ஒரு மணி நேரத்தில் ரிமார்க்ஸ் கட்டத்தையே எடுத்துவிடப் போகிறேன். எல்லாருடையதும் போய்விடும். தடுக்க வேண்டும் என்றால் இப்போதே தடுங்கள்" என்றார். முதல்வர் பயந்த மனிதர், செயலாளருக்கு போன் செய்தார். அவர் பெங்களூரில் இருந்தார், கிடைக்கவில்லை. பதினொரு மணிக்கு இவர் எடுத்துவிட்டார். நகல் வைத்திருந்த இரண்டு பிளாப்பிகளையும் அழித்து, முதல்வர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தார். மாணவர்களுடைய மதிப்பெண், வருகை எதிலும் ஒரு எழுத்து குறையவில்லை. என்னைப் பற்றிய அந்த ஒரு வரியும் அதோடு போயிற்று.

இரண்டு நாளில் வேலையிலிருந்து நீக்கினார்கள். விசாரணை என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், கெட்ட எண்ணத்தோடு கல்லூரியின் ஆவணங்களை அழித்தார் என்று இருந்தது. முதல்வர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அந்த அம்மாள் வந்து சொன்னது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே என்னுடையதையும் போட்டேன். ஜூன் மாதம் என் வேலை நிரந்தரமானது.

வேலை போனபிறகும் அவர் விடவில்லை. மறுபடி சாந்திபுரம் போய், இந்த முறை அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டு, அவள் சம்மதித்தபின் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குப் போய் நின்றார். அவளுக்கு வருகை போதுமான அளவு இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர் இவர்தானே. கல்லூரி தராமல் வைத்திருந்த ஹால் டிக்கெட்டைப் பல்கலைக்கழகத்திலேயே வாங்கினார். தேர்வு முடியும்வரை அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் தங்கவைத்துக்கொண்டார். நகரியில் அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் படித்தாள்.

தேர்வு நாள்களில் இருவரும் சேர்ந்து பஸ்ஸில் வருவார்கள். அவள் உள்ளே போவாள். வளாகத்துக்குள் இவருக்கு அனுமதி இல்லை. வெளிக் கதவுக்கு எதிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கடிதத்தை மறந்த அந்த வாட்ச்மேன்தான் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் போடுவார். அவள் தேர்வு எழுதும் அறையில் நான்தான் மேற்பார்வை. போகும்போதும் வரும்போதும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராகப் பார்ப்பார். நான்தான் ஸ்கூட்டரில் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டே போவேன்.

இரண்டு வருடம் கழித்து, புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலை சென்னையில் கிடைத்திருந்தது. பெட்டி படுக்கையோடு நின்றிருந்தார். நான் கிட்டே போய், தப்பு செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று, பல நாளாக மனதில் எழுதிவைத்திருந்ததைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார். அவர் குரல் இறங்கியது. அன்றைக்கு அவர் பேச்சில் சார் இல்லை, நீங்களும் இல்லை.

"என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? என்ன நீ இன்னா பண்ண? வேல போச்சி, வேற வேல வந்துச்சி. யாருகிட்ட சொல்லணுமோ அவகிட்ட போய்ச் சொல்லு. ரெண்டு தபா உனக்காகக் காத்துக்கினு நின்னேன். இன்னும் எத்தன தபா நிக்கறது?"

சென்னை பஸ் வந்தது. மூட்டையைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். "வுடு" என்றார். தானே ஏற்றிக்கொண்டார்.

பொங்கலுக்கு மறுநாள் சாந்திபுரம் போனேன். அந்தப் பெண் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலையில் சேர்ந்திருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் அப்பா மெல்ல நொண்டியபடி வந்து நாற்காலி போட்டார். நான் உட்காராமல் நின்றேன். அந்த வரியை அடித்தவன் நான்தான் என்று சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். அன்னிக்கே தெரியும்" என்றாள். "அக்கா செவுத்தப் பாத்துகினு உக்காந்திருந்தாங்க இல்ல, அப்பவே தெரிஞ்சிச்சி. எங்கம்மா குடுத்த தண்ணியக்கூட நீங்க குடிக்கல. நீங்க சாதி பாக்கற ஆளுன்னு நைனா நெனச்சிகினாரு. அதுக்கு இல்ல நைனா, அடிச்சது அவருதான்னு நான்தான் சொன்னேன்."

அவள் அப்பா தரையைப் பார்த்தபடி, "ரெண்டுல எதுவா இருந்தா இன்னா" என்றார்.

உள்ளேயிருந்து யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. புறப்படும்போது, அக்காவோடு பேசுவாயா என்று அவளைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவதாகச் சொன்னாள். நான் வந்து சொல்லிவிட்டேன் என்று அவரிடம் நானே சொல்ல வேண்டும், அவருடைய போன் நம்பரைத் தருகிறாயா என்றேன்.

"அவங்களக் கேக்கணும் சார்" என்றாள். "உங்க நம்பர எழுதிக் குடுங்க. அவங்க சரின்னு சொன்னா அவங்களே பேசுவாங்க."

எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று வீடு மாறிவிட்டேன், அந்த நம்பரை மட்டும் மாற்றவில்லை. அவர் இன்னும் பேசவில்லை.